மாமா பக்கத்துப் பிரேக்

எங்கள் குடும்பம் விடுமுறைக்குக் கிளம்பும் காரின் மண்டையில் "பயிற்சி வாகனம், தள்ளி வரவும்" என்று பெரிதாக எழுதியிருக்கும். முன்னாலும் பின்னாலும் சிவப்பு எழுத்தில் பலகை வேறு. அதையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள் என்று நானும் வருடா வருடம் தலையில் அடித்துக்கொள்கிறேன். மாமா கேட்க மாட்டார். "இருக்கட்டும்மா, பின்னாடி வர்றவன் கொஞ்சம் தள்ளியே வருவான், நமக்கு நல்லதுதானே" என்பார். நெடுஞ்சாலையில் எங்களைத் தாண்டிப் போகிற ஒவ்வொரு வண்டியிலிருந்தும் ஒரு தலை எட்டிப் பார்க்கும். ஓட்டுகிறவள் நடுத்தர வயதுப் பெண். பக்கத்தில் முதுகை நிமிர்த்திக்கொண்டு ஒரு மனிதர். பின்னால் மூட்டை முடிச்சோடு இரண்டு பேர். குடும்பத்தையே ஏற்றிக்கொண்டா ஓட்டப் பழகுகிறாள் என்று அவர்கள் சிரிப்பது எனக்குக் கேட்காது. ஆனால் தெரியும்.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். ஊரில் அவருக்கு மாஸ்டர் என்று பெயர். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஸ்கூல் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மருந்துக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒற்றை அறை. ஒரு மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் சாலைக் குறியீடுகள் போட்ட அட்டை, வாசலில் இந்த ஒரே கார். காரில் ஓட்டுகிறவர் காலடியில் இருப்பது போலவே மாமா உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் உண்டு. பழகுகிறவர் பதறிப்போனால் மாமா தன் பக்கத்தில் மிதித்து வண்டியை நிறுத்திவிடுவார். அதற்காகவே வெளியே போகும்போதெல்லாம் கான்வாஸ் ஷூ போட்டுக்கொள்வார். செருப்பு வழுக்கிவிடுமாம்.

மாமா தப்பே செய்யாமல் தப்புச் செய்தவர் போல முழிக்கிற ஆள். கூட்டத்தில் யாராவது இவர் காலை மிதித்தால் இவர் மன்னிப்புக் கேட்பார். கடையில் மீதிச் சில்லறை வாங்கும்போதுகூடத் திருடிக்கொண்டு வருகிறவர் மாதிரிதான் வாங்குவார். பழகுகிறவர்கள் நடுரோட்டில் வண்டியை அணைத்துவிட்டுப் பேந்தப் பேந்த முழித்தால், கண்ணாடியை இறக்கி, பின்னால் ஹாரன் அடிக்கிறவர்களுக்கெல்லாம் கையைத் தூக்கிக் காட்டிக் கெஞ்சுவார். யாரையும் திட்டத் தெரியாது. மற்ற மாஸ்டர்கள் முட்டியில் தட்டுவார்கள், காது கிழியக் கத்துவார்கள். இவருக்குத் தெரிந்தது ஒரே சொல். "பரவால்ல." கம்பத்தில் மோதப் பார்த்தாலும் பரவால்ல. ரிவர்ஸில் போய்ச் சாக்கடையில் இறக்கினாலும் பரவால்ல. அந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கேட்டே எனக்குப் பாதி ஆயுசு போயிற்று.

ஆனால் அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. பழகுகிறவர் தேறிவிட்டார் என்று மனதுக்குப் பட்டதும், ஒரு நாள் ஓடுகிற வண்டியிலேயே குனிந்து ஷூவைக் கழற்றுவார். பிறகு இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கி வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வார். "இனி பிரேக் உன்கிட்ட மட்டும்தான்" என்று அர்த்தம். வாயால் சொல்ல மாட்டார். அதைப் பார்த்ததும் சில பேர் அழுதேவிடுவார்கள். "மாஸ்டர் இன்னைக்கு எனக்குச் சம்மணம் போட்டாரு" என்று வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்வார்களாம். லைசென்ஸ் கைக்கு வருவதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இனி அக்கா. சின்ன வயதில் எங்கள் வீட்டில் அவளுக்கு ஆமை என்று பெயர். அண்ணன் வைத்த பெயர். எதைச் செய்தாலும் நிதானமாகத்தான் செய்வாள். சாப்பாட்டுத் தட்டிலிருந்து கடைசியாக எழுந்திருப்பாள். பஸ் வந்து நின்ற பிறகுதான் செருப்புத் தேடுவாள். படித்தாள், பாதியில் நின்றாள். வேலைக்குப் போனாள், "நீங்க கொஞ்சம் ஸ்லோ" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அக்கா சிரித்துக்கொண்டே வந்து அதை எங்களிடம் சொன்னாள். நாங்களும் சிரித்தோம். அவளுக்கு அது சிரிப்பு இல்லை என்பது வீட்டில் யாருக்கும் உறைக்கவில்லை.

அப்படிப்பட்டவள் ஒரு வருடம் விடுமுறைக்கு அண்ணன் வீட்டு வாசலில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வந்து இறங்கினாள். அப்போதுதான் மாமாவிடம் பழகி, மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கியிருந்தாள். வழியில் ஒரு கன்றுக்குட்டி குறுக்கே ஓடியதையும், தான் கண் இமைக்கும் நேரத்தில் பிரேக் பிடித்ததையும், காலைக் காட்டி, கையைக் காட்டி எல்லோருக்கும் நடித்துக் காட்டினாள். அண்ணன் வாயைப் பிளந்தான். அன்றோடு ஆமை என்ற பெயர் போயிற்று. அதற்குப் பிறகு குடும்பத்தில் எந்தப் பெண் எதற்குப் பயந்தாலும், "அவளைப் பாரு, லாரிக்கு நடுவுல பூந்து ஓட்டிட்டு வர்றா" என்று அக்காவைத்தான் காட்டினார்கள். மாமாவும் விடவில்லை. அக்கா கார் ஓட்டுகிற படம் ஒன்றைப் பெரிதாக்கி ஸ்கூல் சுவரில் மாட்டினார். பயந்துகொண்டே விசாரிக்க வரும் பெண்களிடம், "என் வீட்டம்மாவே ஓட்டுறாங்க, உங்களுக்கு என்ன" என்பார். அந்தப் படத்தைப் பார்த்துச் சேர்ந்தவர்கள் நிறைய.

வருடம் முழுக்க அந்தக் கார் பழகுகிறவர்கள் கையில்தான். அக்கா ஓட்டுவது விடுமுறைப் பயணத்தில் மட்டும். அதற்காகவே அவள் வருடம் முழுக்கக் காத்திருப்பாள். புறப்படுகிற அன்று காலையில் முகத்தில் ஒரு களை வந்துவிடும். "நம்ம வண்டி பிரேக் வெண்ணெய் மாதிரி, கால் வச்சா போதும்" என்று சொல்லிக்கொண்டே சீட்டை முன்னால் இழுத்துப் போடுவாள். அந்த வெண்ணெயின் சங்கதிதான் இந்த வருடம் என் கண்ணில் பட்டுத் தொலைத்தது.

எப்போதும் நான் மாமாவுக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்காருவேன். ஏறியதும் தூங்கிவிடுவேன். இந்த முறை அந்த இடத்தில் வாக்கர் உட்கார்ந்திருந்தது. பிடித்து நடக்கிற அலுமினியச் சட்டம். அண்ணிக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. நான் வேலை பார்ப்பதே சக்கர நாற்காலி, ஊன்றுகோல் எல்லாம் விற்கிற கடையில்தான். அதனால் நல்லதாகப் பார்த்து ஒன்று எடுத்து வந்திருந்தேன். அது மடங்கியும் மடங்காமலும் என் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அக்கா மகள் குட்டி இன்னொரு ஜன்னலை விட்டுத் தர மாட்டேன் என்றாள். காதில் எதையோ மாட்டிக்கொண்டு, "சித்தி, நீங்கதான் ஒல்லி, நடுவுல உக்காருங்க" என்று ஐஸ் வைத்தாள். நடுவில் உட்கார்ந்தால் தலை சாய்க்க இடம் கிடையாது. தூக்கமும் வராது. வேறு வழியில்லாமல் முன்னால் பார்த்துக்கொண்டு வந்தேன். இரண்டு சீட்டுக்கும் நடுவில் மாமாவின் கால் நன்றாகத் தெரிந்தது.

முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. முன்னால் போன வேன் மெதுவானது. மாமாவின் ஷூ அசைந்தது. எங்கள் வண்டியும் மெதுவானது. அதற்குப் பிறகுதான் அக்காவின் கால் பிரேக்குக்குப் போனது. சரி, தற்செயல் என்று நினைத்தேன். சுங்கச் சாவடி வந்தது, அதே கதை. முதலில் ஷூ, பிறகு வண்டி, கடைசியில் அக்கா. ஒரு டிராக்டர் திடீரென்று திரும்பியபோது மாமா இரண்டு காலாலும் மிதித்தார். முகத்தில் மட்டும் ஒரு அசைவும் இல்லை, வெளியே வேடிக்கை பார்க்கிறவர் போல இருந்தார். வண்டி குலுங்கி நின்ற பிறகு அக்கா பெருமூச்சு விட்டுச் சிரித்தாள். "பாத்தீங்களா, எப்படிப் பிடிச்சேன்" என்றாள். "பிரமாதம்" என்றார் மாமா. அவர் காதோரம் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

கியர் போடுவதிலும் ஸ்டியரிங் திருப்புவதிலும் அக்காவைக் குறை சொல்ல முடியாது, அழகாகச் செய்வாள். நிறுத்துவது மட்டும் அவள் இல்லை. அவள் கால் போய்ச் சேரும்போது அங்கே பெடல் ஏற்கெனவே பாதி இறங்கியிருக்கிறது. அதுதான் வெண்ணெய். இன்னொன்றும் அப்போதுதான் பொறி தட்டியது. இத்தனை விடுமுறையில் மாமா அக்காவுக்கு ஒரு தடவைகூடச் சம்மணம் போட்டு நான் பார்த்ததில்லை.

டீக்கடையில் நிறுத்தியபோது அக்காவும் குட்டியும் முகம் கழுவப் போனார்கள். நான் மாமாவைக் கையும் களவுமாகப் பிடித்தேன்.

"மாமா, வண்டியை யாரு ஓட்டுறா?"

அவர் டீயை வேகமாக ஊதினார். "ஏன், உங்கக்காதான்."

"ஷூவைப் பாத்துக்கிட்டே வந்தேன்."

மாமா டீயைக் கீழே வைத்துவிட்டார். "அந்தக் கன்னுக்குட்டி வந்த அன்னிக்கு அவ உறைஞ்சு போயிட்டா. நான்தான் பிடிச்சேன். வண்டி நின்னதும் அவ என்னைப் பாத்து, 'நான் பிடிச்சிட்டேன்'னு சொன்னா. அந்த முகத்தைப் பாத்துட்டு எப்படிம்மா இல்லன்னு சொல்றது? வேலையை விட்டு அனுப்பின புதுசு வேற. அப்புறம் சொல்லலாம்னு விட்டேன். அண்ணன் வீட்டுக்குப் போனா, அவ எல்லாருக்கும் கதை சொல்றா. எல்லாரும் கை தட்டுறாங்க. அதுக்கு மேல எங்க சொல்றது?"

"படத்தை வேற மாட்டி வச்சிருக்கீங்க."

"அந்தப் படத்துக்கு எதிர்ல உக்காரவே முடியல. நாற்காலியைத் திருப்பிப் போட்டுட்டேன், பாக்கலையா நீ?"

பார்த்திருந்தேன். வெளிச்சத்துக்காக என்று நினைத்திருந்தேன். திட்டுவதற்கென்று வைத்திருந்த வார்த்தையில் பாதியை விட்டுவிட்டேன். அவர் அவ்வளவு குன்றிப்போய் நின்றார். இருந்தாலும் சும்மா விடுவேனா? "இந்தத் தடவை ஊர் திரும்பறதுக்குள்ள நீங்களே சொல்லிடுங்க. இல்லன்னா நான் சொல்லுவேன்" என்றேன். "சொல்லிடறேன்மா, நானே சொல்லிடறேன்" என்று கெஞ்சினார். அக்கா ஈர முகத்தோடு வந்தாள். "என்ன, ரெண்டு பேரும் திருட்டு முழி முழிக்கிறீங்க" என்று கேட்டுவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டாள்.

மதியம் தாண்டி அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். வீடு ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. வாசலில் இருந்து தெரு சரிந்துகொண்டே போய் மெயின் ரோட்டில் முட்டும். அந்தத் தெருவை ஏறும்போதும் மாமாவின் ஷூ ஓயவில்லை. அண்ணி நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வாக்கரைப் பார்த்ததும், "வாம்மா, உன் கடைக்கு நானும் கஸ்டமர் ஆயிட்டேன்" என்று சிரித்தாள். அண்ணனுக்குக் கண்ணில் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். அவன் கார் வாசலில் தூசி படிந்து நின்றது.

காபி குடிக்கும்போது அண்ணன் பேச்சை எடுத்தான். அக்காவைப் பார்த்துத்தான் பேசினான்.

"உன் அண்ணிக்கு தினமும் காலுக்குப் பயிற்சி குடுக்கணும். சென்டர் கீழ இருக்கு. வாடகை வண்டிக்காரன் இன்னிக்கு வந்தா நாளைக்கு வர மாட்டேங்கிறான். நீ ஒரு மாசம் இங்க இருந்து, என் கார்ல கூட்டிட்டுப் போயிட்டு வர்றியா? ஆமைன்னு கூப்பிட்ட அதே வாயால கேக்கறேன். இந்தக் குடும்பத்துல உன்னை விட்டா வேற யாரு இருக்கா?"

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் அவளிடம் ஒன்று கேட்டு நான் பார்த்ததே இல்லை. எப்போதும் அவள்தான் அவனிடம் போய் நிற்பாள். "இதுக்கெல்லாம் கேக்கணுமா? நாளைக்கே ஆரம்பிக்கிறேன்" என்றாள்.

மாமாவுக்குப் புரை ஏறியது. இருமி முடித்து, "அது... வேற நல்ல வாடகை வண்டியா பாத்துக்கலாமே. நான் விசாரிக்கிறேன்" என்றார். எல்லோரும் அவர் மேல் பாய்ந்தார்கள். பெண்டாட்டியை ஒரு மாதம் விட்டு இருக்க முடியாதா மாப்பிள்ளை என்றான் அண்ணன். சமைக்கத் தெரியாட்டி கடையில சாப்பிடுங்க என்றாள் அண்ணி. அக்கா அவரைப் பார்த்த பார்வையில் வருத்தம் இருந்தது. மாமா என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆபரேஷன் பண்ணின காலோடு அண்ணி அந்தக் காரில் உட்காருவாள். தெரு சரிவாக இறங்கும். அந்த வண்டியில் மாமா பக்கம் ஒன்றும் கிடையாது, வெறும் தரை விரிப்புதான்.

எங்கே போய் இறங்கினாலும் மாமா முதலில் வண்டியைக் கழுவுவார். அன்று சாயங்காலமும் வாசலில் வாளியும் துணியுமாக நின்றார். கழுவின இடத்தையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். நான் பின் சீட்டில் உட்கார்ந்து குட்டி சிந்திய பிஸ்கட் தூளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா விடுவிடுவென்று வந்து ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

"ஏங்க, உள்ள வந்து உக்காருங்க. எங்கண்ணன் முதல் தடவையா என்கிட்ட ஒண்ணு கேக்கறான். அதுல ஏன் மண்ணைப் போடறீங்க?"

மாமா துணியைப் பிழிந்து வைத்துவிட்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். இன்ஜின் ஓடவில்லை. வண்டி எங்கேயும் போகவில்லை. இருந்தாலும் அவர் கால் தானாகப் பெடலுக்குப் போனது.

"நீ அந்தக் காரை எடுக்காதம்மா."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

மாமா தன் பக்கத்துப் பிரேக்கை மெதுவாக அழுத்தினார். அக்காவின் காலடியில் அவள் பெடலும் தானாக இறங்கியது. விட்டார், ஏறியது. மறுபடியும் அழுத்தினார். அக்கா குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அப்படித்தான் இறங்கும் என்பது அவளுக்கும் தெரியும், டிரைவிங் ஸ்கூல் வீட்டில் வாழ்கிறவள்தானே. ஆனால் அவர் ஏன் இப்போது அதைக் காட்டுகிறார் என்று யோசித்தாள். அந்த யோசனை அவள் முகத்தில் மெதுவாக ஏறியதை நான் கண்ணாடியில் பார்த்தேன். பார்த்திருக்கவே வேண்டாம்.

"கன்னுக்குட்டி?" என்றாள்.

"நான்தான்."

"மழையில அந்த லாரி டப்புனு நின்னுதே, அப்ப?"

"நான்தான்."

"பாலத்துக்கிட்ட, சைக்கிள்காரன்?"

மாமா ஷூ நுனியைப் பார்த்தார்.

"சொல்லுங்க."

"நான்தான்மா."

ஒவ்வொன்றாகக் கேட்டாள். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்த கதைகள் எல்லாம் வந்தன. எல்லாவற்றுக்கும் அதே பதில். அவள் குரல் உயரவில்லை. மாமாவின் குரல்தான் இறங்கிக்கொண்டே போயிற்று. நானாகக் கொண்டுவந்து நிறுத்திய பேச்சு இது, இருந்து கேட்கத்தான் வேண்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் அக்கா அவர் பக்கம் திரும்பினாள்.

"போன வருஷம் திரும்பிப் போகும்போது உங்களுக்குக் காய்ச்சல். போர்வையைப் போத்திக்கிட்டு, காலைச் சீட்டு மேல மடக்கிக்கிட்டுத் தூங்குனீங்க. சுங்கச் சாவடியிலேர்ந்து வீடு வரைக்கும். அது?"

போன வருடம் கடையில் லீவு இல்லை என்று நான் முன்னாலேயே ரயிலில் திரும்பிவிட்டேன். இது எனக்குத் தெரியாத கதை.

மாமா துள்ளி நிமிர்ந்தார். "அது நீதான். சத்தியமா நீதான். எனக்கு நினைவே இல்ல. வீட்டு வாசல்லதான் கண்ணு முழிச்சேன். முழுக்க நீதான் ஓட்டினே."

"நெஜமாவா?"

"நெஜமா."

"இல்ல, என் மனசு கஷ்டப்படுமேன்னு இதையும் சொல்றீங்களா?"

அக்கா அவர் முகத்தையே உற்றுப் பார்த்தாள். நானும் பார்த்தேன். நிஜத்தைச் சொல்லும்போதும் திருடன் மாதிரி முழிக்கிற முகம் அது. அவர் உண்மையைத்தான் சொன்னார் என்று இன்றைக்கும் நான் நம்புகிறேன். ஆனால் அந்த நேரத்தில் எனக்கே சந்தேகமாக இருந்தது. குட்டியைக் கூப்பிட்டுக் கேட்டாள் அக்கா. "நான் தூங்கிட்டேனே அம்மா" என்றது அது. அக்கா கதவைத் திறந்து இறங்கிப் போய்விட்டாள். மாமா பெடல் மேல் வைத்த காலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். வாளித் தண்ணீர் அழுக்காகிக் கிடந்தது.

மறுநாள் காலைச் சாப்பாட்டில் அக்கா, "அண்ணா, எனக்கு வண்டி நிறுத்தத் தெரியாது. ஓட்டத் தெரியும். நிறுத்தத் தெரியாது" என்றாள். அண்ணன் சிரித்தான். அண்ணியும் சிரித்தாள். தன்னடக்கம் என்று நினைத்துவிட்டார்கள். "சிரிக்காதே அண்ணா" என்றாள் அக்கா. அவள் மாமாவைக் காட்டிக் கொடுக்கவில்லை, அதுதான் ஆச்சரியம். மாமா தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து நின்றார். வகுப்பில் எழுப்பி நிறுத்திய பிள்ளை மாதிரி நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். கன்றுக்குட்டியிலிருந்து டிராக்டர் வரை. "தப்பு முழுக்க என்னோடது. அவ மேல ஒண்ணும் இல்ல. நான் அப்பவே சொல்லியிருந்தா ஒரே மாசத்துல கத்துக்கிட்டு இருப்பா" என்றார்.

யாரும் சாப்பிடவில்லை. அண்ணிதான் முதலில் வாய் திறந்தாள். "நல்லவேளை, புது முட்டி தப்பிச்சுது" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

"நான் ஒரு மாசம் இருக்கத்தான் போறேன்" என்றாள் அக்கா. "அண்ணியைக் கூட்டிட்டுப் போறது என் பொறுப்பு. முதல்ல வாடகை வண்டியில. கீழ முனையில ஒரு டிரைவிங் ஸ்கூல் போர்டு பாத்தேன். அதுல சேந்து கத்துக்கிட்டு, அப்புறம் உன் கார்ல."

மாமா பதறிப்போனார். "வேற ஸ்கூலா? நானே இருந்து சொல்லித் தர்றேன்மா. எத்தனை நாள் ஆனாலும் சரி. ஷூவைக் கழட்டிடறேன். காலைக் கட்டிக்கிட்டு வேணும்னாலும் உக்காருறேன்."

அக்கா அவரை நேராகப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலாம். "நீங்க பக்கத்துல இருந்தா, ஓட்டினது யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள்.

மாமா தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவப் போனார்.

திரும்பும்போது மாமா ஓட்டினார். பக்கத்துச் சீட்டில் நான் உட்கார்ந்தேன். மண்டையில் அதே பலகை, தாண்டிப் போகிற வண்டிகளில் அதே தலைகள். சாவடி தாண்டியதும் என் கால் தெரியாமல் அந்தப் பெடலில் பட்டு வண்டி லேசாக இழுத்தது. "காலை மேல தூக்கி வச்சுக்கம்மா" என்றார் மாமா. தூக்கி மடக்கி வைத்துக்கொண்டேன். அப்போதுதான் எப்படி உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். குட்டிகூடக் காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு, "சித்தி, அப்பா அழறாரா?" என்று என் முதுகுக்குப் பின்னால் கிசுகிசுத்தாள். "கண்ணுல தூசி" என்றேன். ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது.

ஊர் வந்ததும் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டார். ஆணி மட்டும் இருக்கிறது. வருகிற பெண்களிடம் இப்போது, "பழகிடலாம், கொஞ்சம் நாளாகும்" என்று மட்டும் சொல்கிறார். ஒரு பெண் தேறாமலே, "போதும் மாஸ்டர், டெஸ்டுக்கு அனுப்புங்க" என்று வந்து நின்றபோது, பரவால்ல என்று சொல்லப்போய், நிறுத்தி, "இன்னும் இல்லம்மா, உனக்கு இன்னும் வரல" என்றார். அந்தப் பெண் முகம் வாடிப்போய்ப் போனாள். மாமா அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. ஆனால் சொன்ன சொல்லை மாற்றிக்கொள்ளவும் இல்லை.

போன வாரம் கடை விட்டு வரும் வழியில் ஸ்கூலுக்குள் நுழைந்தேன். மாமா மேசையில் காகிதம் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவிடமிருந்து எனக்குப் போன் வந்தது. மருந்துக் கடை வாசலில் ஒரே ஹாரன் சத்தம். ஒன்றும் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டேன். அவளிடம் மாமா பக்கத்தில் இருக்கிறார் என்று சொல்வதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"ஏய், இன்னிக்கு எங்க மாஸ்டர் என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டுட்டாருடி." குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "ரோட்டுலயே கத்தறாரு. முட்டியில ஸ்கேலால ஒரு தட்டு வேற. பிரேக்கை லேட்டா பிடிக்கிறேனாம். இவ்ளோ வருஷமா ஓட்டறேன்னு சொல்றியே, உனக்கு யாரும்மா சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டாரு."

மாமா காகிதத்திலிருந்து நிமிர்ந்தார். ஸ்பீக்கரை அணைக்க என் விரல் போனது. அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"நீ என்ன சொன்ன?" என்றேன். வேறு என்ன கேட்பது?

"யாரும் சொல்லிக் குடுக்கலன்னு சொன்னேன்" என்றாள் அக்கா. பிறகு கொஞ்சம் தயங்கினாள். "பொய் இல்லையேடி?"

நான் என்ன சொல்ல? மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு போன் பக்கம் குனிந்தார்.

"இல்லம்மா" என்றார். "பொய் இல்ல."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வைத்துவிட்டாளோ என்று நான் போனை எடுத்துப் பார்த்தேன். வைக்கவில்லை.

"நாளைக்கு மேட்டுல ஏத்தச் சொல்லியிருக்காரு. காலையில சீக்கிரம் போகணும்" என்று அக்கா சொன்னாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. "ம்" என்றார் மாமா. அதற்குப் பிறகுதான் அவள் போனை வைத்தாள்.